இரண்டு வீட்டிலும் கை நனைத்தவள்

கேட்டைத் திறந்தால் இனேஸ் நிற்கிறாள். மூக்கு சிவந்திருக்கிறது. துப்பட்டாவைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறாள். கையில் ஒரு தூக்குப் போசி.

"அக்கா, சளிக்கு நல்லதுங்க. கொள்ளுப் பருப்புங்க," என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, போசியைத்தான் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு நசுங்கல். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில் மாடிப்படியில் அதை உருட்டிவிட்டவள் நான்தான்.

அது ஈஸ்வரி அக்கா வீட்டுப் போசி. ஈஸ்வரி அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அடுத்த தெருவில்தான் வீடு. ஆனாலும் அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கரண்டிக் குழம்பு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன.

வீட்டுக்காரர் உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் இனேஸின் கையைப் பிடித்து, செருப்பைக் கழற்றக்கூட விடாமல், நேரே மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஒன்றும் புரியாமல் தும்மிக்கொண்டே ஏறினாள்.

சோறு தின்னும் படிப்பு

இந்தத் தொடரில் நூலையும் சாயத்தையும் பற்றியே எழுதுகிறேன், திருப்பூரில் யாரும் சாப்பிடுவதே இல்லையா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சாப்பிடுகிறோம் அம்மணி. நன்றாகவே சாப்பிடுகிறோம். அதைப் பற்றி எழுதினால் இனேஸிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனேஸ் போர்ச்சுகல்காரி. முப்பதை ஒட்டிய வயது. மானுடவியலில் ஆராய்ச்சி செய்ய வந்தவள், ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் மாடி அறையில் குடியிருந்தாள். நான் அப்போது ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு, திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பேராசிரியை ஒருவர், "ஒரு பொண்ணு வருது வசந்தி, கொஞ்ச நாளைக்குக் கூடப் போய் மொழிபெயர்த்துக் கொடு," என்று அனுப்பிவைத்தார்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். பனியன் கம்பெனிகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எதைப் பகிர்ந்துகொள்கிறார்கள், எதைப் பகிர்ந்துகொள்வதில்லை என்று பார்க்க வேண்டுமாம். வெறுமனே பார்த்தால் போதாது, கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம்.

பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "ஏனுங் வசந்தி, ஊர்க்காரங்க சோறு திங்கறதப் பாக்கறதுக்குன்னே ஒரு படிப்புங்ளா?"

என் வீட்டுக்காரர் பைக்கைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "நம்மூர்ல அந்தப் படிப்புப் படிக்காத ஆளு ஆருங்க? கல்யாண மண்டபத்துல போய்ப் பாருங்க. அத்தன பேரும் பட்டம் வாங்கற ஆளுங்கதான்."

அவர் வாய்த்துடுக்கானவர். ஆனால் வந்த நாளிலிருந்தே அந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் அவள் தட்டு. ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள். சாப்பாட்டைக் குறை சொல்பவர்களையும் மிச்சம் வைப்பவர்களையும் கண்டால் அவருக்கு ஆகாது.

முதல் நாள் அவளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். ஜன்னல் என்றேன். சிரித்தாள். அலமாரி என்றேன். மறுபடியும் சிரித்தாள். மேசை, சாவி என்று சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எல்லாம் அவர்கள் பாஷைச் சொற்களாம். எப்போதோ அவள் ஊர்க்காரர்கள் கப்பலில் வந்து விட்டுவிட்டுப் போன சாமான்களைச் சரிபார்க்க வந்தவள்போல, வீடு முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தமிழைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அதுவும் எங்கள் ஊர்த் தமிழை. "ங்க" போடாமல் பேசத் தெரியாது. தெருநாய் குறுக்கே வந்தால் "சித்தெ தள்ளிக்குங்க" என்பாள். நாயும் தள்ளிக்கொள்ளும்.

அம்மா கேட்டனுப்பியது

ஆரம்பத்தில் நான் கூடப் போனேன். செக்கிங் டேபிளுக்கு அடியில் காகிதம் விரித்து உட்காரும் தேனிப் பக்கத்துப் பெண்களோடு கருவாட்டுக் குழம்பு. மொட்டை மாடியில் ஒடிசாப் பையன்களோடு கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்த உருளைக்கிழங்கு. அந்தப் பையன்களுக்கு முதலில் கூச்சம். ஒருத்தன் தன் டிபன் மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்து அவள் பக்கமாகத் தள்ளினான், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சாப்பிட்டு முடித்து மூடியைக் கழுவிக் கொடுத்தபிறகுதான் அவன் திரும்பிப் பார்த்தான்.

சாப்பிடும்போது அவள் எதுவும் எழுத மாட்டாள். போனை எடுக்க மாட்டாள். "கையில சோறு இருந்தா எழுத முடியாதுங்க அக்கா," என்பாள். நான் வேலை பார்த்த கம்பெனிக்கு வந்த ஆடிட்டர்களை நினைத்துக்கொள்வேன். ஏ.சி. அறையில் உட்கார்ந்து சாண்ட்விச் கடித்துக்கொண்டே, தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு அறை இருக்கிறதா என்று டிக் அடித்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

ஒரு சாயங்காலம் அவள் எங்கள் அடுப்படியில் அவள் ஊர் சூப் வைத்தாள். உருளைக்கிழங்கை மசித்து, கீரையை நூல் நூலாக நறுக்கிப் போடுவது. அவள் ஊர்க் கீரை இங்கே கிடைக்காததால் முருங்கைக்கீரையைப் போட்டாள். நூலாக நறுக்க முடியாத கீரை அது. ஆனாலும் பாடாய்ப் பட்டு நறுக்கினாள். அப்போதுதான் ஏன் திருப்பூருக்கு வந்தாய் என்று கேட்டேன்.

அவள் அம்மாவும் தையல்காரிதானாம். அவள் ஊரும் நம் ஊர் மாதிரிப் பின்னலாடை ஊர். ஒருநாள் ஆர்டரெல்லாம் ஆசியாவுக்குப் போய்விட்டது என்று சொல்லிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மூடிய நாளில் எல்லாரும் கொண்டுவந்த சாப்பாட்டை ஒரே மேசையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்களாம்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப உங்கம்மா வேலை இங்கதான் வந்திருக்குது," என்றேன்.

"ஆமாங்க. அம்மாக்குத் தெரியுங்க. நான் கிளம்பும்போது அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க. அந்த வேலையச் செய்யறவங்க வயிறாரச் சாப்பிடறாங்களான்னு பாத்துட்டு வா அப்படின்னாங்க."

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இதைச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் எனக்கு வாடகைக்கு இருப்பவள் இல்லை.

பாதியில் எழுந்த கை

ஈஸ்வரி அக்கா கதைக்கு வருகிறேன். வராமல் தீராது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரே கம்பெனிதான் நடத்தினார்கள். கீழே பவர் டேபிள் தையல் மெஷின்கள், மாடியில் எல்லாருக்குமாக ஒரே வீடு. நானும் ஈஸ்வரி அக்காவும் ஒரே அடுப்படியில் நின்றவர்கள். ஓரகத்திகள் என்றால் உரசிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு எண்ணம். நாங்கள் ஊரை ஏமாற்றினோம். அவள் கணக்குப் பார்க்கக் கீழே இறங்கினால் அவள் மகள் தீபா என் இடுப்பில் இருப்பாள். அந்தக் குழந்தைக்கு நிலாச்சோறு, கோபச்சோறு, அழுகைச்சோறு எல்லாம் ஊட்டியது இந்தக் கைதான்.

ஒரு ஷிப்மென்ட்டில் சாயம் மாறிப்போனது. டி-ஷர்ட்டின் உடம்பு ஒரு நீலம், கை வேறொரு நீலம். சாயப்பட்டறை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். வாங்க வந்த ஆள் மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தார். நான் ரசச் சட்டியோடு நிற்கிறேன். பெரியவர், இவருடைய அண்ணன், படியேறி வந்தார். பின்னாலேயே காண்ட்ராக்டரும் ரெண்டு மூணு டெய்லர்களும் இருந்தார்கள்.

"திங்கற நேரத்துக்கு மட்டும் டாண்ணு வந்துருவான்," என்றார்.

அவ்வளவுதான். கோபத்தில் வந்த ஒரு வாக்கியம். ஆனால் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் அதைச் சொல்லக் கூடாது. வேறு எதைச் சொல்லித் திட்டியிருந்தாலும் இவர் எழுந்து நின்று சண்டை போட்டிருப்பார், சாயங்காலம் சேர்ந்து டீ குடித்திருப்பார்கள். இவர் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிய கையைத் துண்டில் துடைத்த நிதானத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த மாதமே தனியாக வந்துவிட்டோம். சாயம் மாறியது யார் தப்பு என்பது அதன்பிறகு பேச்சிலேயே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் உறவு முறிந்தால் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதில்லை. துக்கத்துக்குப் போவோம், நல்லதுக்கும் போவோம். முருகன் கோயிலில் சஷ்டிக்கு ஒரே வரிசையில் நிற்போம். கை மட்டும் நனைக்க மாட்டோம். அந்த வீட்டில் ஒரு வாய் சோறு, ஒரு டம்ளர் தண்ணீர் தொண்டையில் இறங்காது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும்.

புருஷன் கை நனைக்காத வீட்டில் பெண்டாட்டியும் நனைக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. நானாகவே நின்றுகொண்டேன், அக்காவும் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். கோயிலில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். அந்தத் தலையாட்டலுக்கு அப்புறம் வீட்டுக்கு வந்து நான் அழுத நாட்கள் உண்டு.

போசி போன போக்கு

இனேஸ் தமிழ் தேறியபிறகு தனியாகவே போய்வரத் தொடங்கினாள். பல கம்பெனிகளில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். தினமும் வந்து உட்கார்ந்துகொள் என்று சொன்னது ஒரே ஒரு இடம்தான். அது பெரியவர் கம்பெனி.

விஷயம் தெரிந்தபோது வீட்டுக்காரர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அவ பொழப்பு அது, போகட்டும். அந்த ஊட்டுப் பேச்சு மட்டும் இங்க வர வேண்டாம்," என்றார்.

அதை அவளிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மத்தியானம் அங்கும் ராத்திரி இங்குமாகச் சாப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கொள்ளுப் போசி வந்த அன்றைக்குத்தான் உறைத்தது.

மாடி அறையில் மூடியைத் திறந்தேன். பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கிப்போட்டு, கொரகொரப்பாக ஆட்டியெடுத்த கொள்ளு. மேலே நல்லெண்ணெய் மினுங்கியது. அக்கா கைப்பக்குவத்தை எனக்கு மூக்கே சொல்லிவிடும்.

"உனக்குச் சளின்னு கொடுத்தாங்களா?"

"ஆமாங்க."

சளி ஒருத்திக்குத்தான். கொள்ளு நாலு பேருக்கு ஆகும். அக்கா அளவு தெரியாமல் சமைக்கிறவள் இல்லை.

வீட்டுக்கு வந்த சோறு வேறு, போய் உட்கார்ந்து தின்பது வேறு என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். வழக்கில் ஜெயித்ததும் சுடுசோற்றைப் போட்டுக் கொள்ளைப் பிசைந்தேன். இனேஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டாள். நானும் உறிஞ்சினேன், எனக்குச் சளி இல்லை.

மறுநாள் போசியைக் கழுவித் துடைத்து வைத்தேன். அப்புறம்தான் சங்கடம் ஆரம்பித்தது. ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. அது பகையாளி வீட்டுப் பாத்திரமாக இருந்தாலும் கூடாது. யோசித்துப் பார்த்து, ஒரு கைப்பிடிச் சர்க்கரையைப் போட்டு மூடினேன். அதைவிடக் குறைவாகப் போட முடியாது, அதற்கு மேல் போடத் துணிச்சலும் இல்லை.

அடுத்த வாரம் போசி திரும்பி வந்தது. உள்ளே கேசரி.

என் சர்க்கரையைத்தான் கிளறி அனுப்பியிருக்கிறாள். மாடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அதன்பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. நான் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பினால் அங்கிருந்து தயிர்சாதம் வந்தது. நான் தேங்காய்ப்பால் அனுப்பினால் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்தாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஒருநாள் படிக்கட்டில் நின்று மூக்கை நிமிர்த்தினார். "மேல என்ன வாசம்?" என்றார். "அந்தப் பொண்ணு என்னமோ பண்றா," என்றேன். சந்தகை வாசம் தெரியாத ஆள் அவர் இல்லை. இறங்கிப் போய்விட்டார்.

தைரியம் கூடிப்போய் ஒருநாள் இனேஸிடம் கேட்டேன். "அக்கா என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களா? நீ போய் இப்படிச் சொல்லேன்..."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, போசி கொண்டுபோறனுங்க. பேச்சு கொண்டுபோக மாட்டனுங்க."

"ஏன்?"

"அந்த ஊட்டுல பாத்தத இங்க சொன்னா, இங்க பாத்தத அங்க சொல்லுவேன்னு உங்களுக்குத் தோணும். அப்புறம் ரெண்டு ஊட்லயும் நான் சாப்பிட முடியாதுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆராய்ச்சியாவது மண்ணாவது, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் போசி வந்தபிறகு பேசினேன்.

அழைப்பு

தீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம்.

பெரியவரும் அக்காவும் தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்கு அழைக்க வந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் நின்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பெரியவர் இளைத்திருந்தார். கழுத்து எலும்பு தெரிந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், குடிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. டம்ளரை எடுத்து, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் அந்தக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருங்க," என்றார் பெரியவர், தம்பிக்கும் எனக்கும் பொதுவாக.

"வந்தர்றோமுங்க," என்றார் இவர்.

அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார். "போலாம். அட்சதை போடலாம். நம்ம புள்ள அது. போட்டுட்டு வந்தர்லாம்." சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது அப்போதுதான். தீபா கல்யாணச் சோற்றைச் சாப்பிடாமல் வந்தால் போசியில் எத்தனை கேசரி போய் வந்தும் பிரயோஜனம் இல்லை. அக்கா அப்புறம் எனக்குக் கொள்ளு அனுப்ப மாட்டாள். அனுப்பினாலும் அது வெறும் கொள்ளாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தாலோ, மண்டபம் நிறைந்த சொந்தக்காரர்கள் முன்னால் என் வீட்டுக்காரரை ஒற்றையாக நிறுத்தியதாக ஆகும். அன்றைக்குக் கவளத்தை வைத்துவிட்டு எழுந்தவரின் முகத்தைப் பார்த்தவள் நான்தானே.

இனேஸுக்கும் தனிப் பத்திரிகை வந்திருந்தது. நீ என்ன செய்வாய் என்றேன்.

"சாப்பிடுவனுங்க. அதுதானுங்களே என் வேலை," என்றாள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை.

கூப்பிடாத பந்தி

பல்லடம் ரோட்டில் மண்டபம். முகூர்த்தம் முடிந்தது, அட்சதை போட்டோம். தீபா குனிந்து என் காலைத் தொட்டபோது அவள் தலையில் கையை வைத்தேன், எடுக்க மனமில்லை. வீட்டுக்காரர் ஆசீர்வாதம் செய்துவிட்டு, "நான் வண்டிய எடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பெரியவர் பத்தடி தள்ளி நின்று வருகிறவர்களையெல்லாம் சாப்பிட அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி போவதைப் பார்த்தார், கூப்பிடவில்லை.

நான் சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றேன். உள்ளே வாழையிலை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பருப்பும் நெய்யும் மணத்தது. இனேஸ் பட்டுப்புடவை கட்டி, மூன்றாவது வரிசையில் பெரியவர் கம்பெனிப் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் கையசைத்துக் கூப்பிடவில்லை.

ஈஸ்வரி அக்கா அந்தப் பக்கமாக வந்தாள். பெண்ணைப் பெற்றவள், வாசலில் நிற்கும் ஒவ்வொருவர் கையையும் பிடித்து "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க" என்று உள்ளே அனுப்புகிறாள். எனக்கு முன்னால் நின்றவரைக் கையைப் பிடித்து அனுப்பினாள். எனக்குப் பின்னால் நின்றவரையும் அனுப்பினாள். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நாளைக்கு ஊரெல்லாம், ஓரகத்தியைச் சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை என்று பேசுவார்கள். எனக்குப் புரிந்தது. கூப்பிட்டால் நான் இல்லை என்று சொல்ல வேண்டி வரும். அந்த "இல்லை"யை என் வாயிலிருந்து வரவிடாமல், கெட்ட பெயரை அவள் எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

அழையா வீட்டுக்குள் நுழையாதே என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் நேரே போய் மூன்றாவது வரிசையில் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். இனேஸ் தன் இலையிலிருந்து கண்ணைத் தூக்கவில்லை. பருப்பு ஊற்ற வந்தவரிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு ஈஸ்வரி அக்காவே வந்து நின்றாள். நான் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அவள் குனிந்து இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

"வசந்தி, தீபாவோட அப்பா மத்தியானச் சோறு உங்கறதே இல்ல," என்றாள் காதோரமாக. "நீங்க போன நாள்ல இருந்து. அத்தனை பேருக்கும் போடச் சொல்லிட்டு, ஒரு டம்ளர் மோரக் குடிச்சுப்போட்டு கீழ எறங்கிப் போயிர்றாரு. ஆருகிட்டயும் சொல்லாதன்னாரு. இன்னைக்குப் புள்ள கண்ணாலம், இன்னைக்காவது சாப்பிடோணும்."

வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

நான் இனேஸைப் பார்த்தேன். பல மாதங்களாகத் தினமும் மத்தியானம் அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து, யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க," என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இத்தனை நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாளே, அது எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. என் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தேன். அவள் ஆட்சேபிக்கவில்லை.

வண்டியில்

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். இனேஸ் தீபாவோடு இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்தார். நெய் வாசம் சோப்புக்குப் போகவில்லை, எனக்கே அடித்தது. வண்டியைக் கிளப்பினார்.

பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பல்லடம் ரோட்டில் தனியார் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவர் முதுகு விறைத்திருந்தது. வீட்டுக்குப் போனதும் சண்டை வரும், வரட்டும் என்று இருந்தேன்.

பஸ் சத்தம் குறைந்த இடத்தில் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "உங்கண்ணன் மத்தியானம் சாப்பிடறதே இல்லீங்களாமா. நாம ஊட்ட விட்டு வந்த நாள்ல இருந்து. அக்கா சொன்னாங்க. வெறும் மோருதானுங்களாமா."

காற்றில் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். வண்டியின் வேகம் குறைந்தது. ஒரு பேக்கரி வாசலில், ரோட்டோரமாக, காலை ஊன்றி நிறுத்தினார். டீ குடிக்கத்தான் நிறுத்துகிறார் என்று நான் இறங்கப் போனேன். அவர் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

"இன்னைக்கு?" என்றார் முன்னால் பார்த்தபடியே.

"பொண்ணைப் பெத்தவரு எல்லாத்தையும் அனுப்பிச்சுப்போட்டுத்தானுங்களே உக்காருவாரு. கூட உக்கார ஆளு இருந்தா உக்காருவாரு. இல்லீன்னா மோரக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு."

அவர் கழுத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, என்ன வேண்டும் என்பது போலக் கையைக் காட்டினார். இவர் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கடைசிப் பந்தி எந்நேரத்துக்கு வசந்தி?"